மருமகன் கேட்ட லேப்டாப்

துராரின் விரல் நடுங்கி யாரும் பார்த்ததில்லை. அல்மாத்தியில் கல்யாணப் படம் எடுக்கிற பேர்வழிகள் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லியே அவரிடம் வேலை கொடுத்தார்கள். படம் எடுப்பது அவர் தொழில் இல்லை. பிறர் எடுத்த படத்தை உட்கார்ந்து சரிசெய்வதுதான் தொழில். கசாக் கல்யாணம் என்றால் முந்நூறு பேருக்குக் குறையாது. குடும்பப் படத்தில் மட்டும் அறுபது தலை நிற்கும். அறுபதில் நாலு பேராவது சரியாக அந்த நொடி பார்த்துக் கண்ணை மூடித் தொலைப்பார்கள். துரார் இன்னொரு படத்திலிருந்து அந்த ஆளுடைய திறந்த கண்ணை எடுத்து வந்து இதிலே பொருத்துவார். பொருத்தியது கண்ணுக்குச் சொந்தக்காரனுக்கே தெரியாது.

மாப்பிள்ளையைப் பெற்றவளுக்கு முகச் சுருக்கம் போக வேண்டும், ஆனால் மருமகளைவிட இளையவளாகத் தெரியக் கூடாது. குடித்துவிட்டு வந்து நின்ற சித்தப்பாவின் மூக்குச் சிவப்பு இறங்க வேண்டும். இதற்கெல்லாம் கம்ப்யூட்டரில் வரைகிற பேனா, பலகை என்று எத்தனையோ சாமான் கடைக்கு வந்தும் துரார் சீண்டவில்லை. லேப்டாப்பின் டச்பேடில் வலது கை ஆள்காட்டி விரலை வைத்து ஓட்டுவார், அவ்வளவுதான். சொத்து என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இரண்டு அறை வீடும் அந்த விரலும் இருந்தன. பிள்ளை குட்டி இல்லை. அக்கா ரபிகாவின் ஒரே மகன் அக்ஜோலைத்தான் அவரும் மனைவி ஜெய்னெப்பும் பிள்ளை மாதிரி பார்த்தார்கள்.

பத்து வருடம் அவர் சுமந்த லேப்டாப் மூன்றரைக் கிலோ. கறுப்பு, தடி, உள்ளே இருந்த ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் கேட்கும். அதற்கு ஜெய்னெப் வைத்த பெயர் டிராக்டர். கல்யாண மண்டபத்தில் கறி பரிமாறுவதற்குள் இருபது படமாவது திரையில் ஓட வேண்டும் என்பது இப்போதைய மோஸ்தர். அதனால் டிராக்டரை முதுகில் போட்டுக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலைவார். ஒரு கல்யாணத்தில் விருந்தை நடத்துகிற ஆள் மைக்கிலேயே கேட்டுவிட்டான், "யாருங்க அது, பொண்ணு அழுற நேரம் பார்த்துத் தரை கூட்டுற மெஷினைப் போட்டது?" மண்டபமே சிரித்தது. துராரும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து, "இந்தச் சனியனை இனிமே தூக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் நாற்பத்தேழாவது வயதில் அந்த மெல்லிய லேப்டாப்பை வாங்கினார். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். வெள்ளி நிறம். மூடியை ஒற்றை விரலால் தூக்கினால் அடிப்பாகம் கூடவே எழும்பாமல் அப்படியே மேஜையில் நிற்கும். ஃபேனே கிடையாது, மூச்சு விடாத சாதனம். ஒன்றரை வருடத் தவணை. அது தன் தகுதிக்கு மேல் என்று அவருக்கே தெரியும். தெரிந்துதான் வாங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளை அழகுக்காக வாங்கியிருந்தார், பாவம்.

"அந்தத் தட்டை எடுங்க, ரொட்டி வைக்கணும்" என்றாள் ஜெய்னெப்.

"தட்டா? இரு, நீயே தூக்கிப் பாரு. ரெண்டு விரல் போதும்."

"எனக்கு ரெண்டு கையும் இருக்கு. அந்த மூலையில கிடக்கிற உருளைக்கிழங்கு மூட்டைய ரெண்டு விரல்ல தூக்குங்க, பார்ப்போம்."

புதுப்பொருள் வந்த வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்து பார்த்து, வாழ்த்தி, கையில் ஏதாவது வைத்துவிட்டுப் போவது அங்கே முறை. பைகஸி என்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ரபிகா அக்கா வந்தாள். மூடி மேல் ஒரு பண நோட்டை வைத்து, "இதுல நீ பார்க்கிற முகமெல்லாம் சிரிச்ச முகமா இருக்கட்டும்டா தம்பி" என்றாள். அவள் பின்னாலேயே அக்ஜோல் வந்தான். இருபது வயது. கம்ப்யூட்டர் படிப்பு இரண்டாம் வருடம். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இல்லாமல், விடுதியில் அடுத்தவன் தூங்குகிற நேரம் பார்த்து அவனுடையதை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தான்.

அவன் நோட்டு எதுவும் வைக்கவில்லை. உள்ளங்கையை மூடியின் மேல் வைத்தான்.

"மாமா, எனக்கு இது வேணும்."

இதைக் கேட்டதும் ஜெய்னெப் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். ஏனென்றால் அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. அந்த ஊர் முறைப்படி அக்காள் தங்கை பிள்ளைக்குத் தாய்மாமன் வீட்டில் ஆயுளுக்கு மூன்று தடவை கேட்டதை எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. ஓட்டப் பந்தயக் குதிரையைக் கேட்டாலும் மாமன் அவிழ்த்துக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அக்ஜோல் அதுவரை ஒன்றுகூடக் கேட்டதில்லை.

"போடா, போடா" என்று துரார் சிரிக்கப் பார்த்தார். "டிராக்டர் சும்மாதானே கிடக்கு. அதை எடுத்துக்கோ."

"டிராக்டர் வேணாம் மாமா. மூணு தடவை இருக்கு எனக்கு. இது முதல் தடவை." அவனும் பாதி விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் மீதிப் பாதி ஆசை முகத்தில் தெரிந்தது. கையை எடுக்காமல் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான்.

துரார் அவன் புறங்கையில் ஒன்று போட்டார்.

பெரிய அடி இல்லை. அடுப்படியில் பலகாரத்தைத் தொட வரும் குழந்தைக்கு வைப்போமே, அந்த அளவுதான். ஆனால் சத்தம் கேட்டது. ரபிகா அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. மருமகனை அடித்த கைக்கு நடுக்கம் வரும் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைகூட நம்பும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிற தாய்மாமன்கூடத் தன் மருமகனைத் தண்டிக்கப் பக்கத்து வகுப்பு வாத்தியாரைத்தான் கூப்பிடுவார்.

"சும்மா விளையாட்டுக்குக்கா" என்றார் துரார்.

"விளையாட்டுதான்மா" என்றான் அக்ஜோலும். காது சிவந்திருந்தது. "டிராக்டரே போதும் மாமா. நல்ல வண்டி."

அவன் அன்று மூன்றரைக் கிலோவை முதுகில் மாட்டிக்கொண்டு அம்மாவோடு பஸ் ஏறிப் போனான். அதிலேயே படித்தான், அதிலேயே தேறினான், அஸ்தானாவில் வேலையும் வாங்கினான். பண்டிகைக்குப் பண்டிகை போன் செய்வான். "எல்லாம் நல்லா இருக்கு மாமா" என்பான். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டான். முன்பெல்லாம் போனை வைக்கச் சொல்லி ஜெய்னெப் திட்ட வேண்டியிருக்கும், அவ்வளவு பேசுவான். துரார் அந்த மாற்றத்தை வயசு என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து ஓர் இலையுதிர் காலத்தில், ஒரு மணப்பெண்ணின் புருவத்தைச் சரிசெய்யும்போது கோடு துள்ளியது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தார். மறுபடி துள்ளியது. விரலை வைத்து நிதானிக்கிறாரே, அந்த ஒரு நொடியில்தான் அம்புக்குறி திரையில் ஈ மாதிரி ஆடியது. டச்பேடைத் துடைத்தார். கையைக் கழுவிவிட்டு வந்தார். அடுத்த வாரம் யாரோ ஓர் அத்தையின் தோட்டைப் பாதியில் வெட்டிவிட்டார். படம் திரும்பி வந்தது. அவர் அனுப்பிய படம் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை.

குளிர்காலம் வந்தபோது, லேப்டாப்புக்கு வயசாகிவிட்டது என்று முடிவு கட்டினார். சந்தைக்குப் பக்கத்தில் நிலவறைக் கடையில் பழுது பார்க்கிற பர்ஹாத்திடம் கொண்டு போனார். பர்ஹாத் அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, இதுல என்னத்த மாத்துறது? மெமரி போர்டோட சால்டர் வச்சு ஒட்டியிருக்கான். டிஸ்க்கும் அப்படித்தான். ஒல்லியா வேணும்னு நீங்கதானே கேட்டீங்க? ஒல்லின்னா இப்படித்தான். உள்ள கை நுழையாது."

"டச்பேட் மட்டும் மாத்து. அம்பு ஆடுது."

பர்ஹாத் தன் விரலை வைத்து ஓட்டினான். அம்பு ஆடாமல் போனது. வந்தது. வட்டம் போட்டது.

"எனக்கு ஆடலையே அண்ணே."

"உனக்குக் கை கனம். எனக்கு ஆடுது."

"அப்ப புதுசு வாங்குங்க. இந்த வருஷம் இதைவிட மெலிசு வந்திருக்கு" என்றான் பர்ஹாத். அவன் துராரின் கையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்தான் என்ன, வாடிக்கையாளரிடம் அதையெல்லாம் யார் சொல்வார்கள்?

இந்த மனிதரின் புத்தி போன போக்கைப் பாருங்கள். கடைக்குப் போனார். முழுதாக ஒரு கிலோகூட வராத புது லேப்டாப்பை மறுபடி தவணைக்கு வாங்கினார். விற்கிற பெண்ணிடம் டச்பேட் பெரியதா, உறுதியானதா என்று நாலு தடவை கேட்டார். வீட்டுக்கு வந்து, மேஜையைத் துடைத்து, அதைத் திறந்து, அந்த மணப்பெண்ணை எடுத்து வைத்துக்கொண்டு புருவத்தை இழுத்தார். கோடு துள்ளியது.

கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் பார்த்தார். வேலை எதுவும் செய்யாமல் சும்மா கிடந்த கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டிருந்தன, காசு எண்ணுகிற மாதிரி. நிறுத்தச் சொன்னார். நிற்கவில்லை. இடது கையால் பிடித்து அமுக்கினார். விட்டதும் மறுபடி ஆரம்பித்தது. 

"ஜெய்னெப், இங்க வந்து பாரேன்."

அவள் வந்து பார்க்கவில்லை. வாசலிலேயே நின்றாள். "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கோடைக்காலத்துலேர்ந்து தெரியும். அதனாலதான் உங்க கிண்ணத்துல டீ கொஞ்சமா ஊத்துறேன். நிறைய ஊத்தினா சிந்திடும்."

யோசித்துப் பார்த்தார். ஆமாம், இரண்டு மடக்குக்கு மேல் வருவதில்லை. இவளுக்குக் கருமித்தனம் வந்துவிட்டது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"டாக்டர்ட்ட போலாமா?" என்றார்.

"டாக்டர் என்ன பண்ணுவார்? அக்ஜோலை அடிச்ச கை அது." ஜெய்னெப் அழ ஆரம்பித்தாள். "போய்க் குடுத்துட்டு வாங்க. கேட்டதைக் குடுத்துட்டு வாங்க. அவன் மனசு ஆறினா கையும் ஆறிடும்."

படித்தவர், கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர், இதற்குச் சிரித்திருக்க வேண்டும். துராருக்குச் சிரிப்பு வரவில்லை. நிம்மதிதான் வந்தது. காரணம் தெரிந்துவிட்டது, மருந்தும் கையிலேயே இருக்கிறது. பெட்டி பிரித்து ஒரு நாள்கூட ஆகாத லேப்டாப்பைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். கூட வந்த துணியை மடித்துத் திரை மேல் போட்டார்.

அஸ்தானாவில் அன்று குளிர் மைனஸ் முப்பத்திரண்டு. அக்ஜோல் ஸ்டேஷனுக்கு வந்து மாமாவைக் கட்டிக்கொண்டான். இருபத்து மூன்று வயதுக்கு ஆள் நன்றாக வளர்ந்திருந்தான், தாடிகூட வைத்திருந்தான். வீட்டுக்குப் போனதும் துரார் பையிலிருந்து பெட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"திறக்காதீங்க மாமா" என்றான் அவன் அவசரமாக. "வெளிக்குளிர்ல வந்தது, உள்ள வேர்த்துடும். ஒரு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும்."

"நான் எங்கடா திறக்கப் போறேன்? உன்னுது. நீதான் திறக்கணும்."

அவனுக்குப் புரியவில்லை. துரார் வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். விரல்கள் காசு எண்ணிக்கொண்டே இருந்தன.

"அன்னிக்கு நீ கேட்டே. நான் குடுக்கல. அடிச்சேன். தப்புடா மாப்ளே. இது அதைவிட மெலிசு, அதைவிட நல்லது. எடுத்துக்கோ. எடுத்துக்கிட்டு மனசார ஒரு வார்த்தை சொல்லு."

அக்ஜோல் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றான். வெகு நேரம் திரும்பவே இல்லை. லேப்டாப் வெதுவெதுப்பாகிற வரைக்கும் எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும் என்று துராரும் சும்மா இருந்தார்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றான் கடைசியில். "அன்னிக்குப் பஸ்ல போகும்போது... டிராக்டர் மடியில கனமா இருந்துச்சு. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தா. எனக்கு அவ்ளோ அவமானமா இருந்துச்சு. மனசுக்குள்ள சொன்னேன் மாமா. அந்தக் கை விளங்காமப் போகட்டும்னு சொன்னேன். ஒரே ஒரு தடவைதான். ஸ்டாப்புல இறங்கறதுக்குள்ள வேணாம் வேணாம்னு சொல்லிட்டேன். ஆனா சொன்னது சொன்னதுதானே?"

"சீ, அதெல்லாம் ஒண்ணுமில்லடா."

"அதுக்கப்புறம் உங்ககிட்ட எனக்குப் பேச வரல. போன்ல உங்க குரல் கேட்டாலே அது ஞாபகம் வந்துடும். மூணு வருஷமா ஒவ்வொரு தடவையும் கேட்கலாம்னு நினைப்பேன், மாமா கை நல்லா இருக்கான்னு. கேட்க தைரியம் வரல."

மூன்று வருடம் இந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். அவன் வந்து மாமாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். கோபம் இல்லை மாமா, துளிகூட இல்லை, எல்லாம் போய்விட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சொல்லச் சொல்ல அழுதான். அவன் கைக்குள் இருந்த வரைக்கும் விரல்கள் ஆடவில்லை. இருவரும் அதைக் கவனித்தார்கள்.

ஊர் திரும்பி இரண்டு நாள் கை அமைதியாக இருந்தது. இருந்ததா, அப்படி நினைத்துக்கொண்டார்களா, தெரியவில்லை. ஜெய்னெப் மாவு பிசைந்து எண்ணெயில் பவுர்சாக் பொரித்து அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலையில் அவர் சட்டைப் பொத்தான் போட முடியாமல் நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. செய்தி ரபிகா அக்காவுக்குப் போயிற்று. அவள் தம்பியை ஒன்றும் சொல்லவில்லை. மகனுக்குப் போன் போட்டாள். "வாயால மன்னிச்சியா, மனசால மன்னிச்சியா? உன் மாமா கை இன்னும் ஆடுதுடா. எந்த மூலையில எதை ஒளிச்சு வச்சிருக்கே? அதையும் விடுடா." தினமும் போட்டாள். அவன் எதை விடுவான்? அவனிடம் விட ஒன்றுமே இல்லை.

துரார் டாக்டரிடம் போனார், ஜெய்னெப்புக்குத் தெரியாமல். சின்ன வயதுப் பெண் டாக்டர். விரலைத் தட்டச் சொன்னாள், நடக்கச் சொன்னாள், ஒரு வரி எழுதச் சொன்னாள். எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே போயிற்று.

"மூக்குல வாசனை தெரியுதா உங்களுக்கு?"

யோசித்தார். குதிரைக்கறி வேகிற வாசனை கடைசியாக எப்போது வந்தது? ஏழெட்டு வருடம் இருக்கும். சளி என்று விட்டிருந்தார்.

"பார்க்கின்சன்" என்றாள். "வாசனை போனப்பவே உள்ள ஆரம்பிச்சிருக்கும். கைக்கு இப்பதான் வந்திருக்கு. மாத்திரை தரேன், நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்கும். முழுசாப் போகாது."

"மூணு வருஷம் முன்னாடி ஒருத்தரை அடிச்சேன். அதனால இது வருமா?"

அவளும் அந்த ஊர்ப் பெண்தான். கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. "மருமகனா?" என்றாள். "அடிக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்கு வந்தாச்சு அங்கிள். அந்தப் பையனுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. அவன்கிட்ட சொல்லிடுங்க."

ஆஸ்பத்திரி படியில் நின்றபடியே போன் செய்தார். தனக்கு வந்த வியாதியைவிட அந்தச் செய்திதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. ஏழெட்டு வருடமாக இருக்கிற வியாதிடா, மூக்குல வாசனை போனதே அதனாலதான்டா, டாக்டரே சொன்னாள்டா என்று மூச்சு வாங்கச் சொன்னார். 

"நீங்க எனக்காகச் சொல்றீங்க மாமா" என்றான் அக்ஜோல்.

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அவன் கம்ப்யூட்டர் படித்தவன்தான். ஆனால் அந்தப் படிப்பு, பஸ்ஸில் மனசுக்குள் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குக் கீழேயே நின்றுவிட்டது. வியாதிதான் என்றாலும் அந்த வியாதியைக் கூப்பிட்டது யார் என்று கேட்டான். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ரபிகா சொன்னாள். மாமா கொடுத்த லேப்டாப்பைத் திறக்கவே இல்லையாம். துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்திருக்கிறானாம். வேலையில் டிராக்டரைத்தான் இன்னும் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறான், கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்களாம். வெள்ளிக்கிழமை தோறும் மசூதிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறானாம்.

துரார் ஒரு வாரம் யோசித்தார். பிறகு அக்காவுக்குப் போன் செய்து, "நின்னுடுச்சுக்கா" என்றார். "நேத்துலேர்ந்து நின்னுடுச்சு. உன் பிள்ளை மனசு வச்சுட்டான்."

பொய் சொல்வது சுலபம், அதற்குள் குடியிருப்பது கஷ்டம். மண்டபங்களுக்குப் போவதை விட்டார், நாலு பேர் கண்ணில் கை படும். படங்களைச் சரிசெய்கிற வேலை தானாகவே விட்டுப் போயிற்று. ஒரு படத்துக்கு மூன்று நாள் ஆனால் யார் கொடுப்பார்கள்? தெருமுனை மளிகைக் குடோனில் இரவல் நாற்காலி போட்டு, வருகிற லாரிகளின் எண்ணைக் குறித்துக்கொள்கிற வேலையில் உட்கார்ந்தார். அதிலும் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். மாத்திரையைச் சர்க்கரை டப்பாவில் ஒளித்து வைத்தார். ஜெய்னெப் அதைக் கண்டுபிடித்து, ஒன்றும் கேட்காமல், டப்பாவைக் கைக்கு எட்டுகிற தட்டுக்கு இறக்கி வைத்தாள். அக்கா வருகிற நாளில் எந்நேரமும் பையில் கை, இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால் கை. தனியாக இருக்கும்போது அவருக்குக் கோபம் வரும். அடித்தது ஒரே அடி, அதுவும் என்ன அடி என்று நினைத்து அழுவார்.

வசந்தத்தில் ஒரு மத்தியானம் அக்ஜோல் வீடியோவில் கூப்பிட்டான். துரார் தன் பழைய மெல்லிய லேப்டாப்பை மேஜையில் திறந்து வைத்தார். ஜெய்னெப் எதிரே, திரைக்குத் தெரியாத பக்கம் உட்கார்ந்தாள்.

"அம்மா சொன்னா" என்றான் அவன். இளைத்துப் போயிருந்தான். "நின்னுடுச்சாமே. நிஜமா மாமா?"

"நின்னுடுச்சுடா. கல்லு மாதிரி இருக்கு."

"காட்டுங்க."

இது வரும் என்று துராருக்குத் தெரியும். கண்ணாடி முன்னால் நின்று பார்த்து வைத்திருந்தார். கையை உயர்த்திக் கேமரா முன்னால் விரித்துப் பிடித்தார், இடது கையை. விரல் ஐந்தும் அசையாமல் நின்றன. அக்ஜோல் திரைக்குள் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மோதிரம் எங்க மாமா?"

கல்யாண மோதிரம் அங்கே வலது கையில் போடுவது. துரார் இதை நினைக்கவே இல்லை. 

"நான்தான் கழட்டச் சொன்னேன்" என்றாள் ஜெய்னெப், திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எரிச்சலான குரலில். "சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷன் மாவாவது பிசையட்டும்னு விட்டேன். கை நல்லாயிடுச்சுன்னு ராஜா மாதிரி உட்கார விடுவேனா?"

அக்ஜோல் சிரித்துவிட்டான். சத்தமாகச் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். மேஜைக்கடியில் துராரின் வலது கை முழங்காலில் அடித்துக்கொண்டது. லேசான லேப்டாப், மேஜை ஆடினால் படமும் ஆடும். ஜெய்னெப் குனிந்து அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பதான் மாமா எனக்கு மூச்சே வருது" என்றான். "நீங்க குடுத்ததை இன்னிக்குத்தான் திறந்தேன். இதுலேர்ந்துதான் பேசுறேன், தெரியுதா? என்ன தெளிவு."

"தெரியுதுடா. நல்லா தெரியுறே."

"இன்னொண்ணும் இருக்கு மாமா. அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல. ஒரு பொண்ணு. ஆகஸ்ட்ல வச்சுக்கலாம்னு அவங்க வீட்ல சொல்றாங்க."

துரார் வாய் நிறைய வாழ்த்தினார். சந்தோஷம் பொய் இல்லை, அது நிஜமாகவே வந்தது. பெண் பெயர் என்ன, எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், பழைய அக்ஜோல் மாதிரி, நிறுத்தாமல்.

"எனக்கு மூணு தடவை இருக்குல்ல மாமா" என்றான் கடைசியில். "ஒண்ணு லேப்டாப். ரெண்டாவதை இப்பக் கேக்கிறேன். என் கல்யாணப் படம் மொத்தமும் நீங்கதான் சரிபண்ணணும். வேற யார் விரலும் படக் கூடாது."

ஜெய்னெப்பின் பிடி இறுகியது. கேட்டவன் மருமகன். இல்லை என்று சொல்ல இனி துராருக்கு வழி கிடையாது.

"செய்றேன்டா மாப்ளே" என்றார்.